குடுவைச் செடியில் பூசணம்: எந்த மருந்து அடிக்கலாம்?

கேள்வி: ஐயா, வலைக்குடிலில் 40 நெப்பந்தஸ் குடுவைச் செடிகளும் 15 சாரசீனியா குடுவைச் செடிகளும் விற்பனைக்காக வளர்க்கிறேன். ஈரப்பதம் குறையக்கூடாது என்று சுற்றிலும் பாலித்தீன் கட்டி, தினமும் மாலையில் இலைகள் நனையத் தண்ணீர் தெளிக்கிறேன். ஒரு மாதமாக நெப்பந்தஸ் இலைகளில் துருநிறப் புள்ளிகள் வருகின்றன. காய்ந்த குடுவைகளின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல ஏதோ படர்ந்திருக்கிறது. ஒரு சாரசீனியா அடியில் கொழகொழவென்று ஆகிவிட்டது. காய்கறிக்கு அடிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடை இரண்டு நெப்பந்தஸுக்கு அடித்துப் பார்த்தேன், இலை கருகிவிட்டது. வேறு எந்த மருந்து அடிக்கலாம்?

பதில்: முதலில் காப்பரை எடுத்து வையுங்கள். மற்ற பயிர்களில் நாம் நம்பி அடிக்கும் மருந்துதான், ஆனால் பூச்சியுண்ணும் செடிகள் சத்தில்லாத மண்ணில் வாழப் பழகியவை. உப்பையும் உலோகத்தையும் தாங்கும் சக்தி இவற்றுக்குக் குறைவு. சமையல் சோடாக் கரைசலையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துத் தள்ளி வையுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் குடிலில் இருப்பது ஒரு நோய் இல்லை, மூன்று. மூன்றுக்கும் கதவைத் திறந்துவிட்டது பாலித்தீனும் மாலைத் தெளிப்பும்தான் என்பது என் கணிப்பு.

சாம்பல் பஞ்சு என்பது போட்ரைடிஸ் என்ற சாம்பல் பூசணம். இது பெரும்பாலும் செத்த திசுவில்தான் முதலில் குடியேறும். காய்ந்த குடுவை, உதிர்ந்த பூ, அழுகிய இலைநுனி என்று எதையாவது பிடித்துத் தின்று பலம் சேர்த்துக்கொண்டு, பிறகு பக்கத்தில் இருக்கும் பச்சைத் திசுவுக்குத் தாவும். குளிர்ச்சியும் அசையாத காற்றும் இலை மேல் மணிக்கணக்கில் நிற்கும் ஈரமும் இதற்குப் பிடிக்கும். மாலையில் தெளித்த தண்ணீர் விடியும் வரை இலையிலேயே நிற்கிறது அல்லவா, அதுதான் அதற்கு விருந்து. செடிக்குக் காற்றில் 60 முதல் 80 சதவீதம் ஈரப்பதம் இருந்தால் போதும், இலை நனைந்தே கிடக்க வேண்டியதில்லை. தெளிப்பைக் காலைக்கு மாற்றுங்கள். பாலித்தீனை இரண்டு பக்கமாவது சுருட்டிவிடுங்கள். ஒரு சிறிய மின்விசிறியைச் செடியின் மேல் நேராக அடிக்காதபடி நாள் முழுதும் ஓடவிடுங்கள். தொட்டிக்குத் தொட்டி இலை உரசாத அளவு இடம் இருக்கட்டும்.

காய்ந்த குடுவைகளை வெட்டும்போது ஒரு கவனம் வேண்டும். சாம்பல் பூசணம் பிடித்த பாகத்தை அசைத்தால் வித்துகள் புகை மாதிரி கிளம்பிக் குடில் முழுதும் பரவும். விசிறியை நிறுத்திவிட்டு, அந்தப் பாகத்தின் மேல் ஈரக் காகிதத்தைப் போர்த்தி, அப்படியே பையில் விழும்படி வெட்டுங்கள். ஒவ்வொரு செடிக்கும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். வெட்டியதைக் குடிலுக்குப் பக்கத்திலேயே குவித்து வைக்காதீர்கள்.

குடுவைக்குள் மிதக்கும் பூசணத்துக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். பெரும்பாலும் செடிக்கு ஊட்டிய இரை அளவுக்கு மீறியதால் வருவது அது. ஒரு குடுவைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு சிறு பூச்சி தாராளம். இறைச்சித் துண்டு எல்லாம் வேண்டவே வேண்டாம். மேகாலயாவில் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் காசியானா, பூச்சியின் ஓட்டில் இருக்கும் கைட்டின் உள்ளே விழுந்ததும் பூசணத்தை எதிர்க்கும் பொருள்களைக் குடுவை நீரில் தானே சுரக்கிறது. சோற்றுப் பானையைக் காத்துக்கொள்ளத் தெரிந்த செடி! இலைக்கும் வேருக்கும் அப்படி ஒரு நீர்க்காவல் இல்லை, அங்கேதான் நம் வேலை.

அடுத்து துருப்புள்ளி. எல்லாப் புள்ளியும் நோய் இல்லை. வெயில் கூடினால் நெப்பந்தஸ் இலை சிவக்கும், திடீர் வெயிலில் திட்டுத்திட்டாகக் கருகும். ஐந்தாறு புள்ளிகளின் ஓரத்தைப் பேனாவால் மெல்லக் குறித்து ஒரு வாரம் பாருங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, சுற்றி மஞ்சள் வளையம் கட்டினாலோ, புது இலைக்கும் வந்தாலோ அது பூசண இலைப்புள்ளியாகத்தான் இருக்கும். தெறிக்கும் தண்ணீரில் ஏறித்தான் இது இலைக்கு இலை போகிறது. எனவே புள்ளி பரவுவது நிற்கும் வரை அந்தக் காலைத் தெளிப்பையும் அடியோடு நிறுத்தி, தொட்டியில் மட்டும் ஊற்றுங்கள். அதிகம் தாக்கிய இலைகளை நீக்குங்கள். ஆனால் ஒரே நாளில் செடியை மொட்டையடிக்க வேண்டாம். பாதிக்கு மேல் பச்சையாக உள்ள இலை செடிக்குச் சோறு போடுகிறது.

கொழகொழத்த சாரசீனியாவுக்குத்தான் அவசரம். தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவிக் கிழங்கைப் பாருங்கள். நல்ல பாகம் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். வயதான பின்பகுதி பழுப்பாகிக் காய்ந்து போவது இயல்பு. அமுக்கினால் நசுங்கி நாற்றம் அடிப்பதுதான் அழுகல். வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டுவாயில் கந்தகத் தூள் தடவி, பழைய கலவையைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக பீட்டும் (மட்கிய பாசி) பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) சமமாகக் கலந்து நடுங்கள். சாரசீனியா தட்டில் நிற்கும் தண்ணீரில் வளர்வதுதான், இருந்தாலும் இந்தச் செடிக்கு இரண்டு மூன்று வாரம் தட்டு வேண்டாம், கலவை ஈரமாக இருந்தால் போதும். நெப்பந்தஸை எப்போதுமே தட்டுத் தண்ணீரில் நிறுத்தக்கூடாது. இரண்டுக்கும் மழைநீரோ ஆர்.ஓ. நீரோதான், நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 50க்குக் கீழே இருக்கட்டும்.

சரி, மருந்துக்கு வருவோம். மேலே சொன்னதைச் செய்து இரண்டு வாரம் கழித்தும் பரவினால் மட்டும் அடியுங்கள். இலைப்புள்ளிக்குத் தடுப்பாக நனையும் கந்தகம் அடிக்கலாம். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் நாளில் அடித்தால் இலை வெந்துவிடும், எண்ணெய் மருந்து அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது. சாம்பல் பூசணம் கட்டுக்கு மீறினால் தையோபனேட் மெத்தில், லேபிளில் சொன்ன அளவில். ஆனால் போட்ரைடிஸ் இந்த வகை மருந்துக்குச் சீக்கிரம் பழகிவிடும், திரும்பத் திரும்ப அதையே அடிக்க வேண்டாம். எந்த மருந்தானாலும் முதலில் ஒரே ஒரு செடியில் அடித்து ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்கு. அடிக்கும் முன் நல்ல குடுவைகளின் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், மருந்து உள்ளே இறங்கினால் குடுவை கெட்டுப்போகலாம். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: புதிதாக நடும்போது கலவையில் சேர்த்தால் வேரழுகலைத் தடுக்க உதவும். அழுகத் தொடங்கிய கிழங்கை அது மீட்டுத் தராது. ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியோடு சேர்த்துப் போட்டால் வீண்.

காப்பர் பட்ட இரண்டு நெப்பந்தஸையும் பிடுங்கிவிடாதீர்கள். தூய நீரைத் தாராளமாக ஊற்றிக் கலவையை நன்றாக அலசி வடியவிட்டு, நிழலில் தனியாக வையுங்கள். கருகிய இலை பச்சையாகாது. நுனிக்குருத்து பச்சையாக இருந்து, அடுத்து வரும் இலை கருகாமல் விரிந்தால் செடி பிழைத்தது. குருத்தே கறுத்துவிட்டால் தண்டைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்த இடம் வரை வெட்டிவிடுங்கள், கீழ்க்கணுவிலிருந்து துளிர்க்க வாய்ப்பு உண்டு.