கிணற்றில் வந்த காந்தக் கல் நிக்கலா?

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊர்ப்பக்கம் கிணறு வெட்டும்போது காந்தம் இழுக்கும் கறுப்புக் கல் வந்தது, நிக்கல் தாதுவா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் மக்னடைட் என்ற இரும்புத் தாதுதான். நகத்தால் கிள்ளினால் பொன்னிறச் செதில் உரிந்தால், அது காக்காப்பொன் (மைக்கா).

நிக்கல் சல்பைட்டு, அதாவது நிக்கலும் கந்தகமும் சேர்ந்த தாது, உருவாக, மக்னீசியம் நிறைந்த பாறைக்குழம்பு மேலேறி வரும் வழியில் போதிய கந்தகம் சேர வேண்டும். அப்போது சல்பைட்டு, தண்ணீரிலிருந்து எண்ணெய் பிரிவதுபோலத் தனித் திரவமாகிறது. பாரம் கூடியதால் அடியில் தங்குகிறது. சுற்றியுள்ள குழம்பிலிருந்து நிக்கலையும் செம்பையும் இழுத்துக்கொள்கிறது. ரஷ்யாவின் நோரில்ஸ்க்கில் நடந்தது இதுதான். அத்தகைய தாதுவை உடைத்த முகத்தில் வெண்கல நிறப் பிரோட்டைட் (இரும்புச் சல்பைட்டு), அதற்குள் சற்று வெளிறிய பென்ட்லண்டைட் (நிக்கல் தாது), பித்தளை மஞ்சளில் செம்புத் தாது என மூன்றும் கலந்து தெரியும்.

மட்டக்களப்பும் அம்பாறையும் பெரும்பாலும் விஜயன் தொகுதி எனப்படும் இலங்கையின் கிழக்குப் பாறைத் தொகுதியின் கிரானைட் வகை நைஸ் (வரிவரியான உருமாறிய பாறை) மேல் இருக்கின்றன. அந்தப் பாறையில் நிக்கல் சல்பைட்டுக்கு வாய்ப்புக் குறைவு. தேடுவதானால் மேற்கே, விஜயன் தொகுதி மலையகத் தொகுதி என்ற பாறைத் தொகுதியைத் தொடும் எல்லையோரம் தேடுவதே நியாயம். உஸ்ஸங்கொட, யுதகனாவ ஆகிய இடங்களின் செர்பன்டைன் பாறைகள் (மக்னீசியம் நிறைந்த பாறை நீரோடு சேர்ந்து மாறியவை) அந்த எல்லையோடு தொடர்புள்ளவை.

ஒரு முக்கிய எச்சரிக்கை: செர்பன்டைனில் 0.2% நிக்கல் சாதாரணம். அது சிலிக்கேட்டுக்குள் (சிலிக்கன் சேர்ந்த கனிமத்துக்குள்) பூட்டியிருப்பது, சல்பைட்டு அல்ல. ஆய்வுகூடத்தில் மொத்த நிக்கலை மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள். கந்தகத்தையும் செம்பையும் சேர்த்தே அளக்கச் சொல்லுங்கள். கந்தகம் இல்லையென்றால் துளையிடக் காசு செலவழிக்காதீர்கள். ஆய்வுப் பணிக்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டப்படி அனுமதிப்பத்திரமும் வேண்டும்.