பிக்கப் வண்டிக்குப் பம்ப் ஸ்டாப்: வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

போன இதழில் பிக்கப் வண்டிகளின் உயரத்தைக் கூட்டுவது பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் நிறைய பேர் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் விட்டுவிட்டு பம்ப் ஸ்டாப்பைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். சக்கரம் ஒரு மேட்டில் அடித்து முழுசாக மேலே ஏறும்போது, ஆக்சில் சேசிஸில் இரும்போடு இரும்பாக மோதாமல் நடுவில் நின்று வாங்கிக்கொள்ளும் ரப்பர் கட்டைதான் அது. கைக்குள் அடங்கும் சாமான், விலையும் குறைவு, அதனாலேயே யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

கேள்வி: ரப்பர் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஆஃப்ரோடு போகும் நண்பர்கள், கம்பெனி பம்ப் ஸ்டாப் போதவில்லை, கெட்டியாக ஒன்று செய்து கொடு என்கிறார்கள். டை (வார்ப்பு அச்சு) போடும் முன் எதை முடிவு செய்ய வேண்டும்?
(வாசகர், திருவொற்றியூர்)

பதில்: அந்த "கெட்டியாக" என்பதை முதலில் ஓரமாக வையுங்கள். பம்ப் ஸ்டாப்பைச் சுவர் மாதிரி நினைப்பதால் வரும் கோளாறு அது. உண்மையில் அது ஒரு ஸ்பிரிங், சக்கரத்தின் ஏற்றத்தில் கடைசி சில சென்டிமீட்டரில் மட்டும் வேலைக்கு வரும் ஸ்பிரிங்.

ஒரு கணக்கு போடலாம். லோடு ஏற்றிய பிக்கப்பில் பின்பக்கம் ஒரு சக்கரத்தின் மேல் 800 கிலோ உட்கார்ந்திருக்கிறது, அது விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஆக்சிலை நோக்கி இறங்குகிறது என்று வையுங்கள். அப்போது அதனிடம் இருக்கும் ஆற்றல் 1,600 ஜூல். இதை 25 மி.மீ. தூரத்துக்குள் நிறுத்தினால் சராசரி விசை 64,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய ஆறரை டன். 50 மி.மீ. கொடுத்தால் மூன்றேகால் டன்னாக இறங்கிவிடும். லீஃப் ஸ்பிரிங்கின் பிளேட்டும் (அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகள்) ஷாக்கும் இதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், சரிதான், ஆனால் இது சராசரி என்பதையும் மறக்கக் கூடாது. ரப்பரின் எதிர்ப்பு ஒன்றுமில்லாமல் தொடங்கி ஏறிக்கொண்டே போவதால் கடைசியில் விசை இதைவிட நன்றாகவே கூடும். அத்தனையும் சேசிஸில் உள்ளங்கை அகல இடத்தில் போய் இறங்குகிறது. ஆகவே முதலில் தெரிய வேண்டியது, உங்கள் ஸ்டாப் அமுங்குவதற்கு எவ்வளவு தூரம் கிடைக்கும் என்பது.

அதை வண்டியில்தான் அளக்க முடியும். காயில் ஸ்பிரிங் என்றால் கழற்றிவிடுங்கள், லீஃப் என்றால் மெயின் பிளேட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். பழைய பம்ப் ஸ்டாப்பையும் எடுத்துவிட்டு, டயர் மாட்டியபடியே ஆக்சிலை ஜாக்கியில் மெதுவாக ஏற்றுங்கள். முதலில் எது தட்டுகிறது? ஷாக் முழுசாக மூடிக்கொள்கிறதா, டயர் ஃபெண்டரில் உரசுகிறதா, ஆக்சில் ஹவுசிங் (ஆக்சிலின் இரும்புக் கூடு) சேசிஸில் முட்டுகிறதா, பிரேக் ஹோஸ் நசுங்குகிறதா? வெளியில் வாங்கி மாட்டிய ஷாக் என்றால் பல நேரம் அதுதான் முதலில் மூடும். அந்த இடத்துக்கு 10 மி.மீ. முன்னாலேயே உங்கள் ஸ்டாப் முழுசாக அமுங்கி முடித்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றியும் பாருங்கள். ஒரு சக்கரம் பாறை மேலும் இன்னொன்று குழிக்குள்ளும் இருக்கும்போது ஆக்சில் சாய்ந்து வந்து ஸ்டாப்பின் ஒரு ஓரத்தில்தான் குத்தும். உயரமாக மெலிந்து நிற்கும் ஸ்டாப் அந்த நேரத்தில்தான் மடங்கிக் கிழியும், அடிப்பக்கம் அகலமாக இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

அடுத்தது பொருள். முழு ரப்பரை எவ்வளவு அமுக்கினாலும் அதன் கன அளவு மாறாது, மேலே குறைந்தது பக்கவாட்டில் பிதுங்கித்தான் ஆக வேண்டும். பிதுங்க இடமில்லாத ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் அதை அடைத்துவிட்டால் அது ரப்பரே இல்லை, இரும்பு. பிதுங்க இடம் விட்டாலும் தன் உயரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் அமுக்கினால் அடிக்கடி கிழியும், அந்தக் கணக்கில் 50 மி.மீ. அமுங்க 125 மி.மீ. உயரம் தேவை. பிக்கப் வண்டியில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? இதனால்தான் நுண்ணறை பாலியூரிதேன் வந்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத குமிழிகள், அமுக்கும்போது அவை மூடிக்கொள்ளும், பக்கவாட்டில் பிதுங்குவது கொஞ்சம்தான், உயரத்தில் 70 சதவீதம் வரைக்கும் அமுங்கும். அதே 50 மி.மீ.க்கு 72 மி.மீ. உயரம் போதும். குறை என்னவென்றால் முழு பாலியூரிதேன் அளவுக்குக் கிழிசலைத் தாங்காது, ஆக்சில் பக்கம் அது வந்து உட்காரும் இரும்புப் பட்டையின் விளிம்பு கூராக இருந்தால் வெட்டிவிடும். அந்த விளிம்பை கிரைண்டர் வைத்து உருட்டிக் கொடுங்கள்.

உருவம் நுனியில் கூம்பாக, போகப்போக அகலமாக இருக்கட்டும், நடுவில் ஒன்றிரண்டு பள்ளம் விடலாம். தொட்டது ஓட்டுநருக்குத் தெரியாமல் தொடங்கி, கடைசியில் மட்டும் இறுக வேண்டும். உங்களிடம் இருப்பது ரப்பர் பிரஸ்தான், நுண்ணறை வார்க்க வசதி இல்லை என்றால் உள்ளே குழிவான ரப்பர் ஸ்டாப்பை முயன்று பாருங்கள். குழி மடிந்து மூடும் வரைக்கும் மெத்தென்று போய், அதற்குப் பிறகு இறுகும்.

கேள்வி: கடையில் சிவப்பு நிற பாலியூரிதேன் ஸ்டாப் விற்கிறார்கள், 90 ஷோர் என்று எழுதியிருக்கிறது. ஷோர் எண் கூடினால் பலம் கூடும்தானே?
(வாசகர், கொடுங்கையூர்)

பதில்: கூடாது. ஷோர் ஏ எண் மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்லும். 90 என்பது ஷூ அடிப்பாகத்தைவிடக் கெட்டி, அது அமுங்குவதற்குள் சேசிஸ் வாங்கிக்கொள்ளும். ரொம்ப நாள் உழைக்கும் என்பது உண்மை, உங்கள் வெல்டிங் உழைக்காது.

கேள்வி: காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றிப் போகிறேன். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓடிக் கிழிந்த ரோட்டில்தான் தினமும். பின்பக்க பம்ப் ஸ்டாப் பிய்த்துக்கொண்டு விழுந்துவிடுகிறது, புதுசு போட்டாலும் அதே கதை. மெக்கானிக் கட்டை இரும்பு வைத்துவிடலாம் என்கிறார்.
(வாசகர், காசிமேடு)

பதில்: இரும்பு வேண்டவே வேண்டாம், தயவுசெய்து. முதல் கேள்வியின் கணக்கைப் பாருங்கள், தூரம் குறையக் குறைய விசை ஏறும், இரும்பில் தூரமே கிடையாது. அடுத்து உடைவது ஹவுசிங்கோ சேசிஸோ.

நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. ஐஸ், மீன் எல்லாம் ஏற்றி முடித்த பிறகு சமதளத்தில் நிறுத்தி, ஸ்டாப்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் எத்தனை விரல் போகிறது என்று பாருங்கள். ஒரு விரல்கூட போகவில்லை என்றால் அந்த ஸ்டாப் எப்போதாவது அடி வாங்குவதில்லை, நாள் முழுக்க லோடு தூக்குகிறது. அதற்கு அது செய்யப்படவில்லை. லோடைக் குறைக்க வேண்டும், அல்லது பிளேட் சோர்ந்துபோயிருந்தால் புதுப்பிக்க வேண்டும். அதிக பாரத்துக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதமே 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அந்தப் பணத்தில் நல்ல பிளேட் செட் பக்கமே வந்துவிடலாம்.

இரண்டாவது, உப்பு. ஐஸ் உருகி மீன் தண்ணீரோடு கீழே சொட்டுவது நேராக சேசிஸ் மேல்தான். ரப்பர் ஒரு இரும்புத் தகட்டில் ஒட்டி வருகிறது இல்லையா, அந்தத் தகட்டின் ஓரத்தில் துரு ஏறி, ரப்பருக்கு அடியில் ஊர்ந்து உள்ளே போய், ஒட்டியிருப்பதைப் பிரித்துவிடும். விழுந்த ஸ்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். தகட்டில் ரப்பர் சதை கொஞ்சமும் ஒட்டாமல் வெறும் துரு நிறத்தில் இருந்தால் பிய்த்தது பள்ளம் இல்லை, உப்பு. தகடு முழுவதும் ரப்பருக்குள் மூடியிருக்கும்படி வார்த்த ஸ்டாப்பும் துரு ஏறாத போல்ட்டும் கேட்டு வாங்குங்கள். பெட்டித் தண்ணீருக்கு ஒரு ஹோஸ் போட்டு ஆக்சிலுக்கு அப்பால் விடுங்கள்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது என் பிக்கப் அந்தத் தண்ணீரில் நின்றுவிட்டது. இப்போது பார்த்தால் பம்ப் ஸ்டாப் உப்பி, பிசுபிசுவென்று விரலில் ஒட்டுகிறது.
(வாசகர், எண்ணூர்)

பதில்: இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி ஊதும், அப்புறம் பலம் போய்விடும், திரும்பி வராது. மாற்றிவிடுங்கள். அதைவிட முக்கியம், அதே தண்ணீர் பட்ட பிளேட் புஷ் (பிளேட் முனையில் இருக்கும் ரப்பர் வளையம்), பிரேக் ஹோஸ், ஸ்டியரிங் பூட் (ரப்பர் உறை) எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். பம்ப் ஸ்டாப் கண்ணுக்குத் தெரிகிறது, அவை தெரிவதில்லை.

புதிதாக பாலியூரிதேன் போடுவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். பாலியெஸ்டர் வகை எண்ணெயை நன்றாகத் தாங்கும், ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் சிதைந்து உதிரும். பாலியீதர் வகை ஈரத்தைத் தாங்கும். எண்ணூர், மணலி, மீஞ்சூர் காற்றில் வருடம் முழுக்க ஈரம், எண்ணெய் வெள்ளம் எப்போதாவது. நான் பாலியீதர் பக்கம்.

கேள்வி: இசுஸு வி-கிராஸ் வைத்திருக்கிறேன், சனி ஞாயிறுகளில் நாகலாபுரம் மலைப்பக்கம் போவோம். 2 அங்குலம் உயர்த்தியிருக்கிறேன். கம்பெனி ஸ்டாப்பே போதுமா?
(வாசகர், மாதவரம்)

பதில்: எப்படி உயர்த்தினீர்கள் என்று எழுதவில்லை. முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தொகுதியின் தலையில் ஸ்பேசர் வைத்து உயர்த்தியிருந்தால், போதாது. ஸ்பேசர் ஷாக்கைக் கீழே தள்ளிவிட்டது, சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் ஸ்டாப்பைத் தொடும் முன்பே ஷாக் மூடிக்கொள்ளும், அடி முழுவதும் ஷாக்குக்குள் போகும். பின்பக்கம் லீஃப்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் கட்டை வைத்திருந்தாலும், பிளேட் முன்பு எவ்வளவு வளைந்தபோது ஸ்டாப் தொட்டதோ, இப்போதும் அதே அளவில் தொடும்படி பார்க்க வேண்டும், இல்லையென்றால் பிளேட் எதிர்ப்பக்கம் வளைந்து சீக்கிரம் உடையும்.

முன்பக்கம் இன்னொரு நுணுக்கம். அதில் ஸ்டாப் கீழ் ஆர்மில் சக்கரத்துக்கும் பிவட்டுக்கும் (ஆர்ம் சேசிஸில் கீல் போலத் திரும்பும் இடம்) இடையில் எங்கோ தொடுகிறது. சரியாக நடுவில் என்று வைத்துக்கொண்டால், சக்கரம் 100 மி.மீ. ஏற ஸ்டாப் பக்கம் 50 மி.மீ. தான் நகரும், சக்கரத்தில் ஒரு டன் என்றால் ஸ்டாப்பில் இரண்டு டன். அதனால் பின்பக்கத்துக்குச் செய்ததை அப்படியே முன்பக்கம் மாட்ட முடியாது, யார் விற்றாலும்.

உயர்த்தியதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கின்றன, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி முதலில் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு மேலே செய்யுங்கள்.

கேள்வி: பந்தய வண்டிகளில் இருக்கும் ஹைட்ராலிக் பம்ப் ஸ்டாப் நமக்குத் தேவையா?
(வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: ரப்பர் வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும், காலி பிக்கப் பின்பக்கம் துள்ளுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஹைட்ராலிக் ஸ்டாப் ஆயிலைச் சின்ன ஓட்டை வழியாகத் தள்ளி அந்த ஆற்றலைச் சூடாக மாற்றிவிடும், நைட்ரஜன் அழுத்தம் ஸ்டாப்பைத் திரும்ப நீட்டும். பாலைவனத்தில் வேகமாகக் குதிப்பவர்களுக்கு அருமையான சாமான். நம் உப்பிலும் மணலிலும் ஆயில் சீல்களைப் பராமரிக்கத் தயாராக இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் அந்தப் பணத்தை நல்ல ஷாக்கில் போடுங்கள்.

கேள்வி: மாதிரி ஒன்று வார்த்துவிட்டேன். லேப் இல்லாமல் எப்படிச் சோதிப்பது?
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: பட்டறையில் கேஜ் வைத்த ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் போதும். ராம் (அமுக்கும் பிஸ்டன்) விட்டம் 50 மி.மீ. என்றால் கேஜ் 100 பார் அழுத்தம் காட்டும்போது விசை ஏறக்குறைய 2 டன். ஒவ்வொரு 5 மி.மீ. அமுக்கத்துக்கும் கேஜைக் குறித்து, கிராஃப் தாளில் கோடு போடுங்கள். முதல் அமுக்கத்தில் வரும் எண்ணை நம்பாதீர்கள், புது ரப்பர் முதல் சில தடவை கெட்டியாகக் காட்டும், நாலாவது தடவையிலிருந்து எடுங்கள். கோடு மெதுவாக ஏறி கடைசியில் செங்குத்தாகப் போனால் சரி, நடுவிலேயே எகிறினால் பிதுங்க இடம் போதவில்லை என்று அர்த்தம். பிரஸ் மெதுவாக அமுக்குகிறது, ரோட்டில் விநாடிக்கும் குறைவான நேரத்தில் நடப்பதால் ரப்பர் இதைவிடக் கெட்டியாக நடந்துகொள்ளும், அதற்கு இடம் விடுங்கள்.

அப்புறம் வண்டியில் மாட்டி, வெளியே தெரியும் ஷாக் ராடில் ஒரு கேபிள் டையை இறுக்கிவிட்டு உங்கள் வழக்கமான பாதையில் ஓட்டுங்கள். ஷாக் எவ்வளவு மூடியதோ அந்த இடத்தில் அது தள்ளி நிற்கும். ஷாக்கின் உடலுக்கும் ராடின் முடிவுக்கும் நடுவில் எங்கே என்று ஸ்கேல் வைத்து அளங்கள், முடிவில் 10 மி.மீ. மிச்சம் இருந்தால் உங்கள் ஸ்டாப் வேலை செய்கிறது. ஸ்டாப் மாட்டியிருக்கும் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளை பெயின்ட் மெலிதாக அடித்து வையுங்கள், விரிசல் விட்டால் அதில்தான் முதலில் கோடாகத் தெரியும்.