பேக்கேஜை நீக்கியும் 4 எம்பி ஃபிளாஷில் இடம் வரவில்லையா?

வணக்கம். ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறமூல ஃபர்ம்வேர்) ஓடும் உங்கள் ரவுட்டரில் பிபிபி (இணைய இணைப்புக்கான ஒரு பேக்கேஜ்) நீக்கிய பிறகும் லூசி (பிரவுசரில் ரவுட்டரை அமைக்க உதவும் பக்கம்) நிறுவ இடமில்லை என்கிறீர்கள். இடம் வராதுதான். ஓப்பன்டபிள்யூஆர்டியோடு வந்த பேக்கேஜ்கள் எல்லாம் சுருக்கி வைக்கப்பட்ட, படிக்க மட்டுமே முடிகிற ஸ்குவாஷ்எஃப்எஸ் பகுதியில் இருக்கின்றன. அங்கே எதையும் அழிக்க முடியாது. ‘நீக்கியாச்சு’ என்ற குறிப்பு மட்டும் ஓவர்லேயில், அதாவது எழுத முடிகிற மீதிப் பகுதியில், ஏறும். நீக்க நீக்க இடம் இன்னும் குறையும், வேடிக்கைதான்!

கணினியில் ஓப்பன்டபிள்யூஆர்டியின் இமேஜ் பில்டரை (வேண்டிய பேக்கேஜ்களோடு ஃபர்ம்வேர் கோப்பு, அதாவது இமேஜ், உருவாக்கும் கருவி) இறக்குங்கள். பேக்கேஜ் பட்டியலில் பிபிபி, ஐபிவி6 (புது வகை இணைய முகவரி) பேக்கேஜ்களின் பெயர்களுக்கு முன் கழித்தல் குறி போட்டு, லூசியைச் சேர்த்துப் புது இமேஜ் உருவாக்கி, அதை ரவுட்டரில் ஏற்றுங்கள். லூசியும் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்குள் நன்றாகச் சுருங்கிவிடும்.

4 எம்பிக்குள் அடங்குவது ஓப்பன்டபிள்யூஆர்டியின் பழைய பதிப்புதான். அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. அதனால் இன்னொரு ரவுட்டருக்குப் பின்னால் ஆக்சஸ் பாயின்ட்டாக (வைஃபை தரும் கருவியாக) மட்டும் வையுங்கள். அப்புறம், புது இமேஜை ரவுட்டரில் ஏற்றும்போது (ஃபிளாஷ் செய்யும்போது) வைஃபை வேண்டாம், கேபிள்தான்.