ஜெனீவாவில் மோதல், உலகெங்கும் ஆய்வு

கேள்வி: ஐரோப்பிய அணு ஆராய்ச்சி அமைப்பான செர்னின் ஆய்வகத்தில் துகள்களை மோதவிட்டு ஆராயும் ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் அனைவரும் ஜெனீவாவிலேயே தங்கியிருக்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை, பெரும்பாலோர் தத்தம் பல்கலைக்கழகங்களிலிருந்தே பணியாற்றுகிறார்கள். 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரிய ஹாட்ரான் மோதுவி என்னும் துகள் மோதல் இயந்திரத்தில் புரோட்டான் கொத்துகள் நொடிக்குச் சுமார் 4 கோடி முறை ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. அத்தனையையும் சேமிப்பது இயலாது என்பதால், உணர்கருவிகளுடன் இணைந்த மின்னணுச் சுற்றுகளும் அவற்றின் பின்னுள்ள கணினிகளும் உடனுக்குடன் சலித்து, நொடிக்குச் சில ஆயிரம் மோதல் நிகழ்வுகளை மட்டுமே நிறுத்திக்கொள்கின்றன. விட்டது திரும்ப வராது. ஆகவே எதை வைத்துக்கொள்வது என்னும் இந்த முடிவே முழுப் பரிசோதனையிலும் மிகத் துணிச்சலானது என்பது என் கருத்து.

எஞ்சியவை செர்னில் காந்த நாடாக்களில் பதிவாகி (நாடாவுக்கு இன்னும் வயதாகிவிடவில்லை!), 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள ஏறத்தாழ 170 கணினி மையங்களின் வலையமைப்புக்குப் பகிரப்படுகின்றன. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் இதில் ஒன்று. ஆய்வாளர் தம் நிரலை அனுப்பினால், பெரும்பாலும் தரவு இருக்கும் மையத்திலேயே அது இயங்கி, முடிவு மட்டும் அவரிடம் திரும்பும். நாம் அன்றாடம் பயன்படுத்தும் உலகளாவிய வலையே, இத்தகைய தகவல் பகிர்வுக்காக 1989-ல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்னில் முன்மொழிந்ததுதான்.

கூட்டு உழைப்பின் அளவை அறிய ஒரு கட்டுரை போதும். அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதை விளக்க உதவும் ஹிக்ஸ் துகளின் நிறை குறித்து, செர்னின் அட்லஸ், சிஎம்எஸ் என்னும் இரு ஆய்வுக் குழுக்கள் இணைந்து 2015-ல் வெளியிட்ட அதில் ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கங்களில் 24 பக்கங்களை அவர்களுடைய பெயர்களும் நிறுவனங்களுமே நிரப்பின.