டாங்கியின் மேல் ஏறி நின்றவர்கள்

கேள்வி: சர்வாதிகாரிக்கு எதிராக மக்கள் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கினால், ராணுவம் கடைசியில் மக்கள் பக்கம் வந்துதானே ஆக வேண்டும்? எகிப்தில் அப்படித்தானே நடந்தது? (வாசகர் ஒருவர், திண்டுக்கல்)

பதில்: எகிப்தின் கதையை, அதிபர் முபாரக் பதவி விலகிய 2011 பிப்ரவரி 11-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் சொல்வது சரிதான். ஜனவரி 28 அன்று போலீஸ் தெருக்களை விட்டு ஓடிய பிறகு கெய்ரோவுக்குள் டாங்கிகள் வந்தன. தஹ்ரிர் சதுக்கத்தில் கூடியிருந்தவர்கள் அவற்றின் மேல் ஏறி நின்று, ‘ராணுவமும் மக்களும் ஒரே கை’ என்று முழங்கினார்கள். மக்கள்மீது பலப்பிரயோகம் செய்யமாட்டோம் என்று 31-ஆம் தேதி ராணுவமும் அறிவித்தது. ஆனால் இரண்டே நாள் கழித்து, முபாரக்கின் ஆதரவாளர்கள் குதிரைகளிலும் ஒட்டகங்களிலும் வந்து அதே சதுக்கத்தில் கூட்டத்தைத் தாக்கியபோது, அந்த டாங்கிகள் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்த்தன. தளபதிகள் அப்போது மதில்மேல் பூனையாக இருந்தார்கள்.

முப்பது ஆண்டுகள் ஆண்ட முபாரக்கே விமானப்படையிலிருந்து வந்தவர்தான். அவரைக் கைவிடத் தளபதிகளுக்குத் தோதான காரணங்கள் இருந்தன. அவருடைய மகன் கமால் ராணுவத்தில் வளர்ந்தவரல்லர், வங்கித் துறையில் இருந்தவர். அவரும் அவரைச் சுற்றியிருந்த தொழிலதிபர்களும் ஆட்சிக்கு வந்தால், பாஸ்தா, குடிநீர் பாட்டில் தயாரிப்பு முதல் பெட்ரோல் பங்க் வரை ராணுவம் நடத்திவரும் வணிகத்துக்கு என்ன ஆகும் என்ற கவலை மேலிடத்தில் இருந்தது. அமெரிக்கா ஆண்டுதோறும் தரும் 130 கோடி டாலர் ராணுவ உதவியையும் காப்பாற்ற வேண்டும். போதாக்குறைக்கு, சாதாரணச் சிப்பாய்களில் பெரும்பாலோர் கட்டாய சேவைக்கு அழைத்துவரப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். சுடச் சொன்னால் சுடுவார்களா என்று சோதித்துப் பார்க்க எந்தத் தளபதி துணிவார்?

ஆகவே முபாரக் போனார், அதிகாரம் ஃபீல்டு மார்ஷல் தந்தாவியின் தலைமையிலான ராணுவக் குழுவிடம் போனது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 9 அன்று ராணுவம் தஹ்ரிரைக் காலி செய்தது. பிடிபட்ட பெண்கள் சிலரைக் காவலில் வைத்து ‘கன்னித்தன்மைச் சோதனை’ என்ற கொடுமைக்கு உள்ளாக்கியது. அன்றைய ராணுவ உளவுத்துறைத் தலைவர் அதை நியாயப்படுத்தவும் செய்தார். அவர் பெயர் அப்தெல் ஃபத்தா அல்-சிசி, இன்றைய அதிபர். அந்த ஆண்டு செப்டம்பருக்குள் ஏறத்தாழ 12,000 குடிமக்கள் ராணுவ நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்டார்கள். 2013 ஜூலையில், தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் முர்சியைச் சிசி நீக்கியதை எதிர்த்து கெய்ரோவின் ரபா சதுக்கத்தில் அமர்ந்திருந்தவர்களைக் கலைக்க ஆகஸ்ட் 14 அன்று பாதுகாப்புப் படைகள் நடத்திய தாக்குதலில், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பின் கணக்குப்படி குறைந்தது 817 பேர் இறந்தார்கள். அன்று சுடலாமா என்ற தயக்கம் தளபதிகளுக்கு வரவில்லை, ஏனென்றால் அப்போது ஆட்சியே அவர்களுடையது.

அதே 2011-இல் சிரியாவில் ராணுவ அதிகாரிகளில் பெரும்பாலோர் அன்றைய அதிபர் அசாத்தின் சிறுபான்மை அலவி சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அவர் வீழ்ந்தால் தங்கள் கதியும் அதுதான் என்று கருதிச் சுட்டார்கள். துனீசியாவில் போலீஸையே செல்லப்பிள்ளையாக வளர்த்த அதிபர் பென் அலி, சிறிய ராணுவத்தை ஒதுக்கியே வைத்திருந்தார். அவருக்காகச் சுட அதற்கு அவசியமில்லாமல் போயிற்று.

மனசாட்சிக்கு இடமே இல்லையா என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். உண்டு, தனி மனிதர்களிடம். 1989 மே மாதத்தில், சீனாவின் பெய்ஜிங்கில் ஜனநாயகம் கேட்டுப் போராடிய மாணவர்களுக்கு எதிராகப் படையை நடத்தச் சொன்னபோது, சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த 38-ஆம் படையின் தளபதி ஷு சின்சியான் மறுத்துவிட்டார். கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, ஐந்தாண்டு சிறைத்தண்டனையும் பெற்றார். அவருடைய 38-ஆம் படையோ, வேறு அதிகாரிகளின் தலைமையில், ஜூன் 3 இரவு மேற்கிலிருந்து சுட்டுக்கொண்டே நகருக்குள் நுழைந்தது.