மயிலைக் கண்டால் நிற்காத சிப்பிப்பாறை

கேள்வி: அலங்காநல்லூர் பக்கம் தோட்டத்து வீடு. ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறேன். மயிலோ ஆட்டுக்குட்டியோ கண்ணில் பட்டுவிட்டால் எவ்வளவு கத்தினாலும் திரும்புவதில்லை. ரிமோட்டை அழுத்தினால் ஷாக் அடிக்கும் பெல்ட்டை வாங்கச் சொல்கிறார் நண்பர். வாங்கலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம். சிப்பிப்பாறை கண்ணால் பார்த்து விரட்டுகிற சாதி. ஓட்டம் எடுத்துவிட்டால் லேசான ஷாக் உறைக்காது. நீங்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். அந்த நேரம் ஆட்டுக்குப் பக்கத்தில் மேய்க்கிற பையன் நின்றிருந்தால், வலி அவனால் வந்தது என்று நாய் நினைத்துக்கொள்ளும். அப்புறம் அவனைக் கண்டாலே பல்லைக் காட்டும். வேல்ஸில் 2010லேயே இந்த பெல்ட்டுக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

இன்னொன்று. இதன் உள்பக்கம் இரண்டு உலோக முனைகள் உண்டு. தோலில் அழுந்தினால்தான் வேலை செய்யும். காலையில் மாட்டிவிட்டுக் கழற்ற மறந்தால், ஷாக்கே கொடுக்காவிட்டாலும் அந்த இரண்டு இடமும் புண்ணாகும். சிப்பிப்பாறைக்குத் தோலும் மெல்லிசு. நம்மூர் வெயிலில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். வாடை அடித்த பிறகுதான் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

சாதாரண பெல்ட்டும் இந்த நாய்க்கு ஆகாது. தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன், பின்வாங்கினால் உருவிக்கொண்டு போய்விடும். மார்ட்டிங்கேல் என்று இரட்டை வளைய பெல்ட் ஒன்று இருக்கிறது. இழுத்தால் ஓர் அளவுக்கு மேல் இறுகாது. ஒன்றரை, இரண்டு அங்குல அகலத்தில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஸ்கூல் பை தைப்பவரே தைத்துக் கொடுப்பார். முழுதாக இறுகும்போது இரண்டு இரும்பு வளையங்களுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். அவிழ்த்துவிடும்போது கழற்றிவிடுங்கள், வேலிக் கம்பியில் மாட்டிக்கொள்ளும்.

பழக்குவதற்கு முப்பதடிக் கயிறு போதும். அதை மார்புப் பட்டையில்தான் கட்ட வேண்டும். கழுத்தில் கட்டினால், ஓடுகிற வேகத்தில் கயிறு தீரும்போது கழுத்தே போய்விடும். கறிக்கடையில் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கி அவித்துப் பொடிசாக நறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். (சட்டை நாறும், வீட்டில் திட்டு விழும்.) மயில் தூரத்தில் இருக்கும்போதே, நாய் காதை விறைப்பதற்கு முன் கூப்பிடுங்கள். திரும்பினால் உடனே ஒரு துண்டு. விறைத்த பிறகு கூப்பிட்டுப் பயனில்லை. கூப்பிட்டதும் திரும்பப் பழகும்வரை அவிழ்த்துவிடாதீர்கள்: மயில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை, கடித்துப் போட்டால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கேள்வி: எங்கள் ராஜபாளையம் குட்டி பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவே மாட்டேன் என்கிறது. திமிரா? (திருப்பரங்குன்றம் வாசகி)

பதில்: முதலில் காது கேட்கிறதா பாருங்கள் அம்மா. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். அசையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். செவிடுதான் என்றால், ஷாக் இல்லாமல் அதிர்வு மட்டும் கொடுக்கும் பெல்ட் உதவும். அதிர்ந்ததும் ஒரு தீனி என்று பழக்கினால் உங்களைத் திரும்பிப் பார்க்கும்.