நல்ல நடிகர் படம்தான், அதற்காக டி.கே. ஏரியாவுக்கு 12 லட்சம் போடலாமா?

வாசகர் கேள்வி: ஐயா, தென்காசிப் பக்கம் ரைஸ் மில் வைத்திருக்கிறேன். சினிமாத் தொழில் தெரியாது. தேசிய விருது வாங்கிய ஒரு நடிகரின் புதுப் படத்துக்கு டி.கே. ஏரியா, அதாவது திருநெல்வேலி-கன்னியாகுமரி பக்கத் தியேட்டர் உரிமையில் பங்காக 12 லட்சம் போடலாம் என்று என் மைத்துனர் ஒருவரைக் கூட்டி வந்தார். அந்த நடிகர் படம் ஒன்றையும் நான் விட்டதில்லை. ஆனால் பாதிக்கு மேல் தியேட்டரில் ஓடவில்லை என்கிறார்கள். இவ்வளவு நன்றாக நடிப்பவர் படம் ஏன் ஓடுவதில்லை? பணம் போடலாமா?

பதில்: ஒன்றையும் விட்டதில்லை என்கிறீர்களே, அதில் எத்தனையைத் தியேட்டரில் போய்ப் பார்த்தீர்கள்? டிவியிலும் போனிலும் பார்த்ததைக் கழித்துவிட்டு எண்ணிப் பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

ஒரு நடிகரைப் பிடிக்கும் என்பது வேறு, அவர் படத்துக்கு வெள்ளிக்கிழமை காலை லீவு போட்டுவிட்டு ஓடுவது வேறு. இரண்டாவதைத்தான் தொழிலில் ஓபனிங் என்பார்கள். பெரிய ஸ்டார் படம் நன்றாக இருக்கிறதோ இல்லையோ, முதல் மூன்று நாளில் போட்ட காசில் ஒரு பகுதியை எடுத்துவிடும். நல்ல நடிகர் என்று பெயர் எடுத்தவர் படத்துக்கு ஜனம் "டாக் என்னன்னு கேட்டுக்கலாம்" என்று காத்திருக்கும். படம் பார்த்தவர்கள் சொல்கிற அந்த டாக் பரவ ஞாயிறு சாயங்காலம் ஆகிவிடும், திங்கட்கிழமை தியேட்டர்காரர் நாலு காட்சியை இரண்டாக்கியிருப்பார், அடுத்த வெள்ளி வேறு படம். நல்லா இருக்காம் என்று கேள்விப்பட்டவரும் நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடும் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நீங்கள் எழுதிய நடிகரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஜய் சேதுபதியை எடுத்துக்கொள்வோம். 'சூப்பர் டீலக்ஸ்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர், அவர் நடிப்பில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. 2021 செப்டம்பரைப் பாருங்கள்: 9-ம் தேதி தியேட்டரில் 'லாபம்', மறுநாள் சன் டிவியில் 'துக்ளக் தர்பார்', 17-ம் தேதி ஹாட்ஸ்டாரில் 'அனபெல் சேதுபதி'. அதே சமயம் வார இறுதியில் டிவி சமையல் போட்டியிலும் அவரே தொகுப்பாளர். வீட்டுக் கூடத்தில் சும்மா கிடைக்கிற முகத்துக்கு யார் குடும்பத்தோடு கிளம்பிப் போய் டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று ஆயிரம் ரூபாய் செலவு பண்ணுவார்கள்? 2022-லும் அதே கதைதான். ஏப்ரல் 28 'காத்துவாக்குல ரெண்டு காதல்', ஜூன் 3 'விக்ரம்' படத்தில் வில்லன், ஜூன் 24 'மாமனிதன்'. அந்த மாமனிதன் எடுத்து முடித்து வருடக்கணக்கில் கிடந்துவிட்டு வந்த படம். பாராட்டு குவிந்தது, தியேட்டரில் கூட்டம் இல்லை.

தேதியும் ஒரு காரணம். 'சீதக்காதி' அவருடைய 25-வது படம் என்று சொல்லி 2018 டிசம்பர் 20-ல் வந்தது. மறுநாளே 'மாரி 2', 'அடங்க மறு', 'கனா', 'சிலுக்குவார்பட்டி சிங்கம்', 'கேஜிஎஃப்' அத்தனையும் இறங்கின. இருக்கிற ஸ்க்ரீனே கொஞ்சம், அதை ஆளுக்கு ஒரு துண்டாகப் பிய்த்துக்கொண்டார்கள். அதோடு, அதில் அவர் வயதான நாடக நடிகராக வந்து படம் பாதியைத் தொடும் முன்பே இறந்துபோகிற பாத்திரம். நடிப்பு பிரமாதம்தான், ஆனால் விஜய் சேதுபதியைப் பார்க்கலாம் என்று டிக்கெட் எடுத்தவன் இடைவேளையில் கேன்டீன் வாசலில் நின்று போனில் நண்பனிடம் என்ன சொல்லியிருப்பான்? அதுதான் டாக்.

சரி, இனி உங்கள் 12 லட்சம். முதலில் மைத்துனர் கூட்டி வந்த அந்த ஆளைப் பற்றிப் பேசுவோம். இந்த மாதிரி ஆட்கள் கையில் ஒரு கணக்குத் தாள் இருக்கும், இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்த நடிகரின் கடைசி ஹிட் படம் டி.கே.யில் இவ்வளவு வசூல், அதில் பாதி வந்தாலே உங்களுக்கு லாபம் என்று போட்டிருக்கும். அந்த வசூல் கிராஸ், அதாவது டிக்கெட் விற்ற மொத்தப் பணம். உங்கள் கைக்கு வருவது ஷேர், அதாவது கழிவெல்லாம் போக மிஞ்சுகிற பங்கு. நூறு கிலோ நெல் அரைத்தால் நூறு கிலோ அரிசி வரும் என்று எவனாவது சொன்னால் உங்கள் மில்லில் நிற்க விடுவீர்களா? நூறு ரூபாய்க்கு மேல் போகிற டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அப்புறம் உள்ளாட்சி கேளிக்கை வரி, மிச்சத்தில் தியேட்டருக்குப் பங்கு, அந்தப் பங்கும் வாரம் போகப் போக ஏறும். எல்லாம் போக நூறு ரூபாய் கிராஸில் நாற்பது, நாற்பத்தைந்து ரூபாய் ஷேராக வந்தாலே நல்ல வாரம். அதிலும் விளம்பரச் செலவு, தியேட்டரில் வசூலைக் கவனிக்கிற ரெப் சம்பளம் கழியும். இந்தக் கழிவு எதுவும் அந்தத் தாளில் இருக்காது.

படம் ஓடவில்லை என்றால் எல்லோருக்கும் நஷ்டம் என்றும் நினைத்துவிடாதீர்கள். நல்ல நடிகர் பெயருக்கு ஓடிடி, சாட்டிலைட், இந்தி டப்பிங் என்று வெளியே விலை உண்டு. அதில் தயாரிப்பாளர் பெரும்பாலும் கரையேறிவிடுவார். தியேட்டர் உரிமையையும் அதே பெயரை வைத்து எம்.ஜி. (மினிமம் கேரண்டி) விலைக்கு, அதாவது படம் ஓடாவிட்டாலும் திரும்ப வராத பணத்துக்குத் தள்ளிவிடுவார்கள், கடைசியாக வாங்கியவர் தலையில் துண்டு விழும். ஓடிடிக்காரர்கள் இப்போது கையை இறுக்கிவிட்டதால் தியேட்டர் உரிமையின் மீது பாரம் இன்னும் கூடியிருக்கிறது. அதனால்தான் சினிமாவே தெரியாத ரைஸ் மில்காரர் வீடு வரைக்கும் தேடி வருகிறார்கள்.

உடனே அந்த ஆள் "96 ஓடலையா?" என்பார். எல்லோரும் சொல்வார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விஜய் சேதுபதியும் திரிஷாவும் நடித்த 96 ஓடியது உண்மை. பாடல் முன்பே பிடித்துப்போயிருந்தது, பள்ளிக்கூடக் காதல் என்பதால் நாற்பது வயதுக்காரர்கள் ஜோடியாக வந்தார்கள், திரிஷாவுக்காகப் பெண்கள் கூட்டம் தனி. ஆனால் அதே படத்துக்கு 2018 அக்டோபர் 4-ம் தேதி அதிகாலைக் காட்சிகள் பணச் சிக்கலில் ரத்தாயின, விஜய் சேதுபதியே பொறுப்பேற்றுப் படத்தை வெளியே கொண்டுவந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த படத்தை ஐந்தாவது வாரம், தீபாவளிக்கே சன் டிவியில் போட்டுவிட்டார்கள், திரிஷா வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தும் நிற்கவில்லை. அவ்வளவு பெரிய ஹிட்டையே தியேட்டரில் முழுசாக ஓட விடவில்லை என்றால், உங்கள் படத்தை யார் காப்பாற்றப் போகிறார்கள்? 96 ஓடியதற்கான காரணங்கள் 96-க்குள் இருந்தன, நடிகர் பெயரில் இல்லை. அவருடைய 'மகாராஜா'வும் அப்படித்தான், கதை ஓடியது.

இதையெல்லாம் சரிபார்க்க நமக்கு ஒரு நம்பகமான கணக்கும் கிடையாது. டிக்கெட்டைக் கம்ப்யூட்டரில் அடிக்கிறார்கள், வசூல் அந்த நிமிடமே ஏதோ ஒரு சர்வரில் பதிவாகிறது, ஆனாலும் பணம் போட்டவர் கைக்கு டி.சி.ஆர்., அதாவது தினசரி வசூல் கணக்கு வந்து சேர நாலு பேரைக் கெஞ்ச வேண்டும். ஆண்டாண்டாகக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. போஸ்டரில் போடுகிற கோடிகளைப் பற்றி நான் பேசவே மாட்டேன். அந்தத் தாளில் இருக்கிற தொகையை நம்புவதற்குப் பதில் உங்கள் ஊர் தியேட்டர் கேன்டீன்காரரிடம் போய், இந்த நடிகரின் கடைசி மூன்று படத்துக்கு சனிக்கிழமை மாலைக் காட்சியில் வியாபாரம் எப்படி என்று கேளுங்கள். அவருக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

எம்.ஜி.யில் போடாதீர்கள், அவ்வளவுதான். கமிஷன் அடிப்படையில், வசூல் வராத பாக்கியைத் திருப்பித் தருகிற அட்வான்ஸாக எழுதிக் கொடுத்தால் பேசலாம். அதற்கும் முன்னால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். சென்சார் சான்றிதழில் என்ன தேதி இருக்கிறது? இரண்டு மூன்று வருடம் பழையது என்றால் ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேளுங்கள். படத்தின் மேல் ஃபைனான்சியர் கடன் எவ்வளவு, அது தீர்ந்ததற்குக் கடிதம் எங்கே? கடன் தீராவிட்டால் ரிலீஸுக்கு முந்தின ராத்திரி தியேட்டர் ஆபரேட்டர் சர்வர் பக்கத்தில் படத்தைத் திறக்கிற டிஜிட்டல் சாவியான கேடிஎம்-க்காகக் காத்துக்கொண்டிருப்பார், சென்னையில் பஞ்சாயத்து நடக்கும், உங்கள் ஏரியாவில் காலைக் காட்சி டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது, ஏரியா உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்து தயாரிப்பாளருடையதா அல்லது நடுவில் இருக்கிற ஆளுடையதா என்று பாருங்கள். நடுவில் இருக்கிறவர் தன் பெயருக்குத்தான் செக் வேண்டும் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள், மைத்துனர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.